பழைய தெருவுக்குப் புதிய ஃபைபர்: பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதி வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு, இருநூறு வருடக் கட்டடங்கள் நிற்கும் தெருவுக்கு ஃபைபர், அதாவது ஒளியிழை வழியாக வரும் வேகமான இணையம், கொண்டுவர நினைக்கும்போது அங்கே குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குடியிருப்போர் சங்கத்துக்காக இந்த வேலையில் அலைந்தபோது எனக்கும் இதே கேள்விகள்தான் வந்தன. முதல் மனு நிராகரிக்கப்பட்டது, இரண்டாவதும் நிராகரிக்கப்பட்டது, மூன்றாவதில்தான் கையெழுத்து கிடைத்தது. அந்த மூன்று மனுக்களிலும் கேட்டது ஒரே இணைப்பைத்தான். மாறியது எல்லாம் தெருவோர இணைப்புப் பெட்டி எங்கே நிற்கும், கம்பி எந்த வழியாகப் போகும் என்பது மட்டுமே. நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய இதுதான்: பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அதிகாரிகள் இணையத்தை மறுப்பதில்லை, அவசரத்தில் போட்ட வரைபடத்தைத்தான் மறுக்கிறார்கள்.

எங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. வேகமான இணையம் வராததற்கு அதுதான் காரணமா?

காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "உங்கள் பகுதியில் அனுமதி கிடைக்காது" என்று இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள். மனு போட்டீர்களா, எந்தத் தேதியில் போட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் மனுவே போட்டிருக்க மாட்டார்கள். குறுகலான தெரு, கல் பாவிய தரை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி யோசனை என்று செலவு கூடும் இடத்தை ஒதுக்கிவிட்டு, அகலமான புதிய குடியிருப்புகளுக்கு முதலில் போவது அவர்களுக்கு லாபம், அவ்வளவுதான். மனுவே போடவில்லை என்றால் நீங்கள் பேச வேண்டியது நிறுவனத்தோடு. மனு போட்டு நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த நிராகரிப்புக் கடிதத்தின் நகல் உங்களுக்கு வேண்டும். அதில் எழுதியிருக்கும் காரணத்தில் இருந்துதான் அடுத்த மனு தொடங்கும்.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் எல்லா இடத்திலும் ஒரே விதிதானா?

இல்லை, இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் தடுமாறுகின்றன. பொதுவாக நான்கு வகைப் பாதுகாப்பு உண்டு, ஒரே வீட்டின் மேல் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஒன்று, நினைவுச்சின்னமும் அதைச் சுற்றியுள்ள வட்டமும். இரண்டாவது, தனிக் கட்டடத்துக்கான பாதுகாப்பு. மூன்றாவது, ஒரு தெரு அல்லது வட்டாரம் முழுவதன் தோற்றத்துக்கான பாதுகாப்பு. நான்காவது, மண்ணுக்கு அடியில் இருக்கும் தொல்லியல் எச்சங்களுக்கானது.

இந்தியாவில் 1958-ம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் திருத்தம் வந்தது. அதன்படி மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பிரான்சில் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி 500 மீட்டர் என்பது 1943-ல் இருந்து வரும் அளவு, அதற்குள் அந்தக் கட்டடத்தோடு சேர்ந்து கண்ணில் படும் வெளிவேலை என்றால் அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மீட்டர் கணக்கு கிடையாது, வரைபடத்தில் கோடு போட்டு ஒரு வட்டாரத்தையே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கிறார்கள். 1967-ல் தொடங்கிய இந்த முறையில் இன்று சுமார் 10,000 பகுதிகள் அங்கே இருக்கின்றன. அதே இங்கிலாந்தில் யார்க், செஸ்டர், கேன்டர்பரி, எக்ஸிட்டர், ஹெரிஃபோர்ட் ஆகிய ஐந்து நகர மையங்களுக்கு 1979-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மண்ணடிப் பாதுகாப்பும் தனியாக உண்டு, அங்கே தரையைத் தோண்டுவதற்கு ஆறு வாரம் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் கதவு எண் எந்தெந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று அதிகாரபூர்வ வரைபடத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைப்பது. ஒரு நாள் வேலைதான். இதைச் செய்யாமல் போட்ட மனு மூன்று மாதம் கழித்து "தவறான அலுவலகத்துக்கு வந்துள்ளது" என்று திரும்பி வரும்.

யாரிடம் போக வேண்டும்?

சாலை யாருடையதோ அவர்களிடம் தோண்ட அனுமதி, உள்ளாட்சியிடம் திட்ட அனுமதி, தொல்லியல் அல்லது பாரம்பரியத் துறையிடம் தடையில்லாச் சான்று, கட்டடச் சொந்தக்காரரிடம் சம்மதம். இந்த நான்கும் தனித்தனி, ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது. பொதுவாக மனு போடுவது நிறுவனம்தான், குடியிருப்பவர்கள் அல்ல. ஆனால் சம்மதக் கடிதங்களையும் ஆதாரங்களையும் முன்கூட்டியே திரட்டிக் கையில் கொடுத்தால், "இந்தத் தெரு வேண்டாம்" என்று ஒதுங்க நினைக்கும் நிறுவனத்துக்குச் சாக்கு குறையும்.

தெருவோரப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் அது கண்ணில் படும், காதிலும் விழும். பாதி ஃபைபர், பாதி செம்புக் கம்பி என்ற பழைய முறையில் ஃபைபர் தெருவோரப் பெட்டி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது பழைய தொலைபேசிக் கம்பி. அந்தப் பெட்டிக்குள் மின்சாரம், பேட்டரி, சூடு தணிக்க விசிறி எல்லாம் வேண்டும். அதனால்தான் அது ஆள் உயரத்தை நெருங்கி, அலமாரி மாதிரி நிற்கிறது. நான் பார்த்த ஒன்று, அழகாகச் செதுக்கிய ஒரு வாசல் தூணுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது, பச்சைப் பெயின்ட், கதவில் கிழிந்த சுவரொட்டிகள், கோடையில் இரவு முழுக்க விசிறி சத்தம். அந்த வீட்டு மாடியில் படுக்கிறவரிடம் போய் இணையத்தின் அருமையை எப்படி விளக்குவது?

லண்டனில் கென்சிங்டன்–செல்சி பகுதியில் 2012-ல் நடந்தது இதே சண்டைதான். வரலாற்றுத் தெருக்களில் இந்தப் பெட்டிகளை வைக்கக் கேட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை உள்ளாட்சி மறுத்தது, நிறுவனமும் அங்கே திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே, 2013-ல், இங்கிலாந்து அரசு பாதுகாப்புப் பகுதிகளில் இத்தகைய பெட்டிகளுக்கும் கம்பங்களுக்கும் இருந்த முன் ஒப்புதல் நடைமுறையைத் தளர்த்தியது. நடைமுறையைத் தளர்த்தினால் பெட்டி சீக்கிரம் வரும், சரி. ஆனால் வாசலை மறைக்கும் பெட்டி வாசலை மறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, இதை மனுவில் அழுத்திச் சொல்லுங்கள். வீடு வரை முழு ஃபைபர் என்றால் நடுவில் ஒளியைப் பிரிக்கும் சாதனத்துக்கு மின்சாரமே வேண்டாம். ஒரு இழையில் வரும் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சாதனம் உள்ளங்கையில் அடங்கிவிடும், நடைபாதைக்கு அடியில் இருக்கும் குழிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். விசிறி இல்லை, பேட்டரி இல்லை, சத்தமும் இல்லை. அதாவது அதிக வேகம் தரும் முறைதான் தெருவைக் குறைவாகக் கெடுக்கிறது. பழைய தெருக்காரர்கள் "எங்களுக்குக் கொஞ்சம் வேகம் போதும், சின்னதாக ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்பது இந்த இடத்தில் நேர் எதிராக முடியும். முழு ஃபைபரே கேளுங்கள்.

கம்பம் நட்டு மேலே இழுத்தால் மலிவாக முடியாதா?

மலிவாக முடியும், தோண்டவும் வேண்டாம். ஏற்கெனவே தொலைபேசிக் கம்பமோ மின்கம்பமோ நிற்கிற தெருவில் அதே கம்பத்தில் இன்னொரு மெல்லிய கம்பி சேர்ப்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கம்பமே இல்லாத தெருவில் புதிதாக நடுவது வேறு விஷயம். முன்னோர் யாரோ போராடி எல்லாவற்றையும் பூமிக்கு அடியில் போட வைத்த தெருவாகக்கூட அது இருக்கும். அப்படிப்பட்ட தெருவில் புதுக் கம்பம் கேட்டு மனு போடாதீர்கள், நல்ல எண்ணமும் போய்விடும்.

தோண்டினால் தொல்லியல் துறை விடுமா?

தோண்டாமல் போக முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பழைய நகரங்களுக்கு அடியில் நாம் நினைப்பதைவிட அதிகமான ஓட்டைகள் இருக்கின்றன. தொலைபேசிக் குழாய்கள், பயன்படாமல் விட்ட எரிவாயுக் குழாய்கள், நிலவறைகள், வடிகால்கள். பாரிஸில் ஃபைபரின் பெரும்பகுதி கழிவுநீர்ச் சுரங்கங்களின் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது, 19-ம் நூற்றாண்டில் ஆள் நடக்கும் உயரத்தில் கட்டியதன் பலன் அது. லண்டனில் நீரழுத்தத்தால் லிஃப்டுகளையும் துறைமுகக் கிரேன்களையும் இயக்க ஒரு நிறுவனம் தெருக்களுக்கு அடியில் குழாய் போட்டு வைத்திருந்தது. 1977-ல் அது மூடப்பட்டது, 1980-களில் மெர்க்குரி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அந்தக் குழாய்களுக்குள்ளேயே தன் கேபிளை இழுத்தது. சாலையை உடைக்காமல் நகரின் நடுவில் வலைப்பின்னல் கிடைத்துவிட்டது. உங்கள் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உள்ளாட்சியின் பழைய வரைபடங்களையும், அங்கே நெடுங்காலம் குடியிருக்கும் பெரியவர்களையும் கேளுங்கள். பெரியவர்களுக்கு எந்த மூடி எதற்கானது என்று தெரியும்.

தோண்டியே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே தோண்டிய இடத்திலேயே தோண்டுங்கள். தண்ணீர்க் குழாய் போட்டபோது கலைந்த மண்ணில் தொல்லியல் எச்சம் சிதையாமல் இருக்க வாய்ப்பு குறைவு, அதனால் ஆட்சேபமும் குறையும். சாலையில் இரண்டு செ.மீ. அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, இருபது முப்பது செ.மீ. ஆழத்தில் மெல்லிய குழாயைப் புதைக்கும் முறையும் இருக்கிறது. தார்ச் சாலைக்கு அது நன்றாகப் பொருந்தும், கல் பாவிய தெருவுக்கு வேண்டவே வேண்டாம். கல்லை வெட்டினால் வெட்டியதுதான். அங்கே கற்களை எண் போட்டு எடுத்து, அதே வரிசையில் திருப்பி வைக்க வேண்டும், அதற்கு ஆள் யார், எத்தனை நாள் என்பதை மனுவிலேயே எழுத வேண்டும். அப்புறம், தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் கூட நிற்பார், ஏதாவது தென்பட்டால் வேலை நிற்கும் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். அவர்கள் நிபந்தனையாகப் போடுவதற்கு முன் நீங்களே சொன்னால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இந்தியாவில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. 2010 திருத்தத்தில் "கட்டுமானம்" என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் இருந்து வடிகால் வேலை, பொதுமக்களுக்கான தண்ணீர், மின் விநியோகம், அதைப் போன்ற பொது வசதிகள் ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. பூமிக்கு அடியில் போகும் ஃபைபரை அந்தப் பொது வசதிகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அது வாதம்தான், அனுமதிக் கடிதம் அல்ல. எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் கம்பி எப்படிப் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மனு ஜெயிப்பதும் தோற்பதும் இந்தச் சில மீட்டர்களில்தான்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே நின்று சுவரைப் பாருங்கள். கட்டடத்துக்கு ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன: மழைநீர்க் குழாய், இரண்டு மாடிக்கும் நடுவே ஓடும் கல் பட்டி, கூரையின் இறவாணம், இரண்டு வீடுகள் சேரும் மூலை. கம்பி அந்தக் கோடுகளின் நிழலில் போக வேண்டும். குறுக்கே, கண் போகும் பாதையை வெட்டிக்கொண்டு போகக் கூடாது. குழாயின் பின்புறமாகக் கீழே இருந்து ஏறி, இறவாணத்துக்கு அடியில் பக்கவாட்டில் ஓடி, பின்பக்கமாக உள்ளே நுழைந்தால், தெருவில் நிற்கிறவருக்குக் கம்பி இருப்பதே தெரியாது. முன்பக்கச் சுவரில் எதுவுமே வராமல் பின்சந்து வழியாகக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

கிளிப்பை எங்கே அடிப்பது என்பது அடுத்தது. செங்கல்லிலோ கல்லிலோ அடிக்காதீர்கள், இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் காரையில் அடியுங்கள். காரை போனால் திரும்பப் பூசலாம், கல் உடைந்தால் அதே கல் திரும்பி வராது. பழைய சுவரில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை, அது ஈரத்தை வெளியே விடும். ஓட்டையை அடைக்கும்போது சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல்லைத் தின்ன ஆரம்பிக்கும், ஆகவே அடைப்பதும் சுண்ணாம்பாலேயே இருக்கட்டும். ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு துருப்பிடித்தால் பருத்துவிடும், பருத்தால் கல்லைப் பிளக்கும். நூறு வருடத்துக்கு முன் அடித்த இரும்புக் கொக்கி ஒன்று வாசல் நிலைக்கல்லை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்த பிறகு யாரும் இரும்பாணியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

துளை போட வேண்டுமா? முதலில் ஏற்கெனவே இருக்கும் துளையைத் தேடுங்கள், பழைய தொலைபேசிக் கம்பி நுழைந்த இடம், ஜன்னல் சட்டத்தின் மூலை, காற்றுப் போக்கி. புதிதாகத்தான் போட வேண்டும் என்றால் காரையில், உள்ளே இருந்து வெளியே சரியும்படி போடுங்கள், மழைநீர் உள்ளே வராது. கம்பி துளைக்குள் நுழையும் முன் ஒரு சிறு வளைவாகக் கீழே தொங்கினால், கம்பி வழியே வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நிறமும் முக்கியம். கறுப்பா, வெள்ளையா, சாம்பலா என்பதை அந்தச் சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வேலைக்கு வருகிறவரின் வண்டியில் எது இருக்கிறதோ அது என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குள் மரவேலைப்பாடு, சுதைச் சிற்பம் எல்லாம் இருக்கிறது. உள்ளே என்ன செய்வது?

வளைத்தாலும் ஒளி கசியாத ஃபைபர் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. ஜி.657 என்ற தர வரிசையில் சில வகைகள் 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்தாலும் வேலை செய்யும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய, நிறமில்லாத இழையைச் சுவர் மூலையிலோ கதவுச் சட்டத்தின் ஓரத்திலோ பசை வைத்து ஒட்டிவிடலாம், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. ஆணியே வேண்டாம். ஆனால் பழைய வண்ணப்பூச்சு, ஓவியம், பொன் பூச்சு இருக்கும் பரப்பில் பசையும் கூடாது, உரிக்கும்போது அதையும் சேர்த்து உரித்துவிடும்.

தொடவே கூடாத கட்டடம் என்றால், அடித்தளம் வரை ஃபைபர் கொண்டுவந்து அங்கிருந்து ஏற்கெனவே உள்ள தொலைபேசிக் கம்பியிலேயே வேகத்தை ஏற்றும் முறை இருக்கிறது, பெயர் ஜி.ஃபாஸ்ட். சில நூறு மீட்டருக்குள்தான் அது எடுபடும். ஒரே கட்டடத்துக்குள் என்றால் அந்தத் தூரம் போதும்.

கம்பியே வேண்டாம், வயர்லெஸ் வைத்துக்கொள்ளலாமே?

சில இடங்களுக்கு அது நல்ல வழிதான். இங்கிலாந்தின் நாரிச் மறைமாவட்டம் 2011-ல் தேவாலயக் கோபுரங்களில் சிறு ஆன்டெனாக்களை வைத்து, கம்பி எட்டாத கிராமங்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது. 2018-ல் இங்கிலாந்துத் திருச்சபையும் அரசும் இதற்காகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டன. எந்தக் கிராமத்திலும் உயரமான கட்டடம் தேவாலயம்தானே. ஆன்டெனா கோபுரத்துக்குள்ளேயே, மணி இருக்கும் அறையின் மரச் சட்டங்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். கிடைக்கும் வாடகை கூரையைப் பழுது பார்க்க உதவும்.

ஆனால் வயர்லெஸ் என்றால் அனுமதி எளிது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் 30 லிட்டர் கொள்ளளவுக்குள் அடங்கும் சிறு ஆன்டெனாப் பெட்டிகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்ற வழியைத் திறந்தது, ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களையும் இடங்களையும் அதில் இருந்து விலக்கி வைக்க இடம் கொடுத்தது. பிரான்சில் 2018-ல் வந்த சட்டம் செல்பேசி ஆன்டெனாக்கள் விஷயத்தில் பாரம்பரியக் கட்டடக் கலைஞரின் சொல்லைக் கட்டாயம் என்ற நிலையில் இருந்து ஆலோசனை என்ற நிலைக்கு இறக்கியது. அமெரிக்காவில் அதே 2018-ல் தொலைத்தொடர்பு ஆணையம் சிறு ஆன்டெனாக்களை வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வில் இருந்தே மொத்தமாக விடுவித்தது. பூர்வகுடிகள் வழக்குப் போட்டார்கள், 2019-ல் நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்து செய்தது. குறுக்கு வழியை நம்பிப் போட்ட திட்டம் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனுவில் என்ன இருந்தால் அதிகாரிக்குப் பிடிக்கும்?

படம். இருக்கும் நிலையில் ஒரு படம், அதே கோணத்தில் பெட்டியும் கம்பியும் வந்த பிறகு எப்படி இருக்கும் என்று வரைந்து ஒரு படம். எங்கள் மூன்றாவது மனுவில் செய்தது இதைத்தான். சுவரின் புகைப்படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, கம்பி போகும் வழியைச் சிவப்பு மையில் கோடு போட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு புள்ளியாக வைத்தோம். அதிகாரி அதை மேஜையில் விரித்து, பென்சிலை எடுத்து, இரண்டு புள்ளிகளை அரையடி தள்ளி வைத்தார். அவ்வளவுதான். முந்தைய இரண்டு மனுக்களிலும் "கட்டடத்தின் தோற்றத்துக்குப் பாதிப்பு ஏற்படாது" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதை வைத்து அவர் என்ன முடிவு எடுக்க முடியும்?

படத்தோடு வேறு எந்த வழிகளைப் பார்த்தீர்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும், நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றினால் சுவர் பழையபடி ஆகுமா என்பதையும் எழுதுங்கள். கழற்ற முடிகிற வேலைக்கும் முடியாத வேலைக்கும் பாரம்பரியத் துறையில் பெரிய வித்தியாசம். அப்புறம் இந்த இணைப்பால் யாருக்கு என்ன பயன் என்று உண்மையான ஆட்களை வைத்துச் சொல்லுங்கள்: வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர், மருத்துவரைத் திரையில் பார்க்கும் முதியவர், பாடம் படிக்கும் பிள்ளை. ஆள் குடியிருக்கும் பழைய வீடுதான் பழுது பார்க்கப்படும். இணையம் இல்லாமல் ஆட்கள் வெளியேறினால் ஓடு சரிந்தாலும் கேட்க ஆள் இருக்காது. எனக்கு இந்த விஷயத்தில் உணர்ச்சி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதிகாரிகளும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், அவர்கள் அந்த வேலைக்கு வந்ததே கட்டடங்கள் மேல் உள்ள அக்கறையால்தான்.

எவ்வளவு நாள் ஆகும்? காலக்கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாமா?

பல நாடுகளில் அப்படி ஒரு விதி இப்போது வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ம் ஆண்டு கிகாபிட் உள்கட்டமைப்புச் சட்டம் பொதுவாக நான்கு மாதத்தை வைக்கிறது. இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும், தொலைத்தொடர்புக் கம்பி கொண்டுபோவதற்கான வழியுரிமை விதிகளிலும் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கருதும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது சாலைக்கும் நிலத்துக்குமான அனுமதி. தொல்லியல், பாரம்பரியச் சான்றுகள் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன, அங்கே மௌனம் சம்மதம் ஆகாது. காலக்கெடுவை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

அனுமதி இல்லாமல் ஒரு சின்னக் கம்பிதானே என்று போட்டுவிட்டால்?

வேண்டாம். இங்கிலாந்தில் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றவியல் குற்றம். கம்பியை ஒட்டியவர் போய்விடுவார், வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஃபைபர் போட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்களா?

இந்தப் பயத்தைப் பலர் கிளப்புவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு 2009-ல் பட்டியலை இழந்தது ஆற்றின் மேல் கட்டிய பெரிய பாலத்தால். லிவர்பூல் 2021-ல் இழந்தது துறைமுகக் கரையில் நடந்த பெரும் கட்டுமானங்களால். நடைபாதைக்கு அடியில் போகும் கம்பி அந்த அளவுக்கான விஷயம் இல்லை. ஆனாலும் உயரமான கோபுரம், ஊரின் வானவிளிம்புத் தோற்றத்தை மாற்றும் கம்பம் என்றால் பாரம்பரியத் தாக்க மதிப்பீடு கேட்பார்கள், 2022-ல் யுனெஸ்கோ அதற்கென வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது. சின்ன வேலைக்கும் அதன் கேள்விகளைப் படித்துப் பதில் எழுதி வைத்துக்கொள்வது உதவும்.

மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதற்கு முன் ஒரு முறை நேரில் போய், "எப்படிச் செய்தால் ஒப்புக்கொள்வீர்கள்" என்று கேளுங்கள். மேல்முறையீட்டில் பழைய வரைபடத்தைத்தான் காப்பாற்றப் போராட வேண்டியிருக்கும், திருத்திய மனுவில் நல்ல வரைபடம் போடலாம். எங்களுக்கு இரண்டாவது மறுப்புக்குப் பிறகு அப்படிக் கேட்டபோது, அதிகாரி எழுந்து வந்து பத்து நிமிடம் தெருவில் நடந்தார். பின்சந்தில் பழைய குழாய் மூடி ஒன்று இருப்பதைக் காட்டியதே அவர்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்ய?

அவருடைய சுவரைத் தொடாமல் போக வழி இருந்தால் அப்படியே போங்கள். இல்லையென்றால் அவர் பயம் என்ன என்று கேளுங்கள், பெரும்பாலும் முன்பு வேறு யாரோ வந்து சுவரைப் பாழாக்கிவிட்டுப் போன கதை ஒன்று இருக்கும். வேலைக்கு முன் அவர் சுவரைப் படம் எடுத்து அவரிடமே ஒரு பிரதி கொடுத்து, சேதம் ஆனால் யார் சரிசெய்வார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.

அனுமதி வந்துவிட்டது. வேறு ஏதாவது கேட்டு வாங்க முடியுமா?

முடியும், அநேகமாக யாரும் கேட்பதில்லை. பழைய தெருக்களின் முகப்பைப் பாருங்கள்: எப்போதோ செத்துப்போன தொலைபேசிக் கம்பிகள், யாரும் பார்க்காத டிஷ் ஆன்டெனாக்கள், பாதியில் தொங்கும் கேபிள் டிவி வயர், வெயிலில் உடைந்த கிளிப்புகள். புது இணைப்பு வேலை செய்யத் தொடங்கியதும் இவற்றைக் கழற்றி, ஓட்டைகளைச் சுண்ணாம்பால் அடைத்துத் தருவதை மனுவிலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். ஏணியும் ஆளும் ஏற்கெனவே அங்கே இருப்பதால் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு குறைவு, அதிகாரிக்கோ முன்பைவிடச் சுத்தமான முகப்பு கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு முகப்பில் இருந்து மட்டும் ஒரு சாக்கு நிறையப் பழைய வயர் இறங்கியது. அதற்குக் கீழே, வயர் மறைத்து வைத்திருந்த இடத்தில், கட்டிய வருடம் கல்லில் செதுக்கியிருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்கள்.